எதிரிதான் பேச வேண்டும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அல்வால் தமிழர் மன்றத் தலைவர் திரு. சம்பந்தம் அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சௌம்யா, போலாரம் பள்ளியில் எங்களிடம் படித்து இன்று நரைத்த தலையோடு வந்திருக்கும் பழைய மாணவர்களே, ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, வணக்கம். கடைசி வரிசையில் கைபேசியை அணைக்காமல் இருக்கும் அன்பருக்கும் வணக்கம். அணைத்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

நன்றி.

என் பெயர் பாமா துரைராஜ். நம்மை விட்டுப் போன வரலாற்று ஆசிரியை திருமதி வேதவல்லி செல்லப்பா அவர்களோடு ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியர் அறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வாழ்நாளைக் கழித்தவள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள். கோபமே வராதவர் என்றார்கள். நேரம் தவறாதவர் என்றார்கள். மூன்றும் தவறு. காலைப் பிரார்த்தனைக்கு அவர் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. கடைசிப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார். கோபம் வந்தால் என்னோடு வாரக்கணக்கில் பேச மாட்டார். அப்படிப்பட்டவரைத் தெய்வம் என்று சொன்னால் அவரே எழுந்து சிரித்திருப்பார்.

நான் அவருடைய தோழி இல்லை. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் "வேதவல்லி டீச்சர்", "பாமா டீச்சர்", "நீங்கள்", இவற்றைத் தாண்டி நாங்கள் ஓர் அடிகூட எடுத்து வைத்ததில்லை. நான் அவர்மேல் பொறாமைப்பட்டவள். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற சொல்லா இது என்று சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். சுளிக்க வேண்டாம். இந்தச் சொல்லை இந்த மேடையில் நான் சொல்ல வேண்டும் என்று கேட்டவரே அவர்தான். எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் இந்த ஊர்க்காரி. வெள்ளைக்காரப் படையோடு சென்னையிலிருந்து ஹைதராபாத் வந்து போலாரத்தில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. கன்னியாஸ்திரீகளிடம் படித்தேன். கையெழுத்து, உச்சரிப்பு, தேதி, மூன்றிலும் யாரும் என்னிடம் பிழை கண்டதில்லை. பள்ளியில் வரலாற்று ஆசிரியை என்றால் நான்தான் என்று இருந்தேன். அப்போதுதான் மாயவரத்திலிருந்து, ராணுவத்தில் இருந்த செல்லப்பாவைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடும் ஓயாத வாயோடும் வேதவல்லி வந்து சேர்ந்தார். வந்தவர் எங்கள் பள்ளிக்கே வேலைக்கு வந்தார். அதுவும் வரலாற்றுக்கு!

ஒன்பதாம் வகுப்பு யாருக்கு என்பதில் எங்களுக்குள் சண்டை. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. தலைமை ஆசிரியை பொறுமையிழந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். பாடப்புத்தகம் முழுவதும் பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்தானே? அரையாண்டுத் தேர்வுவரை எழுச்சி. அதை வேதவல்லி நடத்தட்டும். விடுமுறை முடிந்ததும் வீழ்ச்சி. அதைப் பாமா நடத்தட்டும்.

உலகத்தில் வேறு எந்தப் பள்ளியிலாவது வரலாற்றை இப்படி வெட்டிக் கொடுத்திருப்பார்களா? ஆனால் கொடுத்தார்கள். நாங்கள் ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது. காகதீயர்களை அவர் வாரங்கலில் அரியணை ஏற்றுவார், நான் இறக்குவேன். விஜயநகரத்தில் அவர் கடைத்தெரு திறப்பார். நான் தீ வைப்பேன். கோல்கொண்டாவில் அவர் கோட்டை கட்டுவார். நான் கதவைத் திறந்து முகலாயர்களை உள்ளே விடுவேன். இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்! ஜனவரி மாதம் நான் வகுப்புக்குள் நுழைந்தாலே பிள்ளைகள் முனகுவார்கள். "பாமா டீச்சர் வந்துட்டாங்க, ராஜா செத்தாரு" என்று என் காதுபடவே ஒரு பையன் சொன்னான். அவன் பெயர் தீபக். நாச்சாரத்தில் தொழிற்சாலை நடத்துகிறார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். தீபக், நான் மறக்கவில்லை.

வேதவல்லி டீச்சர் எழுச்சியை எப்படி நடத்துவார்? சாக்குக்கட்டியைத் தொட மாட்டார். பெஞ்சுகளை இழுத்துப்போட்டு மலை ஆக்குவார். மேசையைக் கவிழ்த்துப் படகு ஆக்குவார். கோல்கொண்டாவுக்குப் பேருந்தில் அழைத்துப் போவார். கீழ்வாசலில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்குமே, அங்கே பாதிப் பிள்ளைகளைக் கீழே நிறுத்தி, பாதிப் பேரை மேலே ஏற்றி, அரை நாள் கை தட்டவைத்துக் கூட்டி வருவார். அந்தப் பிள்ளைகளை அதே இடத்துக்கு நான் ஜனவரியில் அழைத்துப் போக வேண்டும். முற்றுகையைச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்த ஒருவனே எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டதைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஒரு பெண் மெதுவாக, "டீச்சர், ஒரே ஒரு தடவை கை தட்டவா?" என்று கேட்டாள். "கோட்டை விழுந்துவிட்டது. மேலே யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு?" என்றேன். அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். அன்று பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு வேதவல்லிமேல் எரிந்தது. அந்தக் கைதட்டல் ஏன் என் பங்குக்கு வரவில்லை?

அவர் என்னைச் சும்மா விட்டாரா? இல்லை. ஆசிரியர் அறையில் வம்புக்கு இழுப்பார். "உங்களுக்கென்ன டீச்சர்! பரீட்சையில 'வீழ்ச்சிக்கான காரணங்கள் யாவை'ன்னுதான் பெரிய கேள்வி வருது. 'எழுச்சிக்கான காரணம்'னு எவனாவது கேக்கறானா? நான் தொண்டை கிழியக் கத்தறேன், மார்க்கெல்லாம் உங்க பாடத்துக்குப் போகுது!"

"உங்கள் பாடத்தில் காரணம் இருந்தால்தானே கேட்பார்கள்? மேசையைக் கவிழ்ப்பதற்கு என்ன காரணம் எழுதுவது?" என்பேன்.

"ஹவ், ஹவ்! ஆமா, அதுவும் சரிதான்" என்பார். பாருங்கள், மாயவரத்துக்காரிக்கு இந்த ஊர்ப் பேச்சு வந்த ஆண்டே நாக்கில் ஒட்டிக்கொண்டது. நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் எனக்கு இன்றும் ஒட்டவில்லை. காய்கறிக்காரர் முதல் ஆட்டோக்காரர்வரை எல்லோருக்கும் அவர் சொந்தக்காரர். நான் 'மேடம்'.

எழுச்சி முழுவதும் அவருக்கு. வீழ்ச்சியாவது எனக்கு என்று நினைத்தேன். அதிலும் வந்து கொடி நட்டார். ஒவ்வொரு பேரரசும் முடிந்த வாரத்தில் வகுப்பில் ஓர் இரங்கல் கூட்டம் நடத்த வேண்டும் என்று யோசனை சொன்னார். என் பாடவேளையில்! தலைமை ஆசிரியையும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். அதற்கு வேதவல்லி டீச்சர் வகுத்த விதி ஒன்றுதான். செத்துப்போன பேரரசைப் பற்றி அதன் எதிரிதான் எழுந்து பேச வேண்டும். பாராட்டு வேண்டாம், ஒப்பாரி வேண்டாம். உன்னிடம் இருந்த எதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன், அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"எதுக்கு எதிரி?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரன் பொய் சொல்லுவான் டீச்சர். எதிரிதானே ராத்திரி பகலா நம்மளையே பார்த்துக்கிட்டு இருந்தவன்" என்றார்.

முதல் கூட்டம் கோல்கொண்டாவுக்கு நடந்தது. ஔரங்கசீப்பாக எழுந்தவர் நம்முடைய தீபக். வாத்தியார் பிரம்பை வாளாகச் செருகிக்கொண்டு வந்து நின்றான். என்ன பேசினான் தெரியுமா? "உங்க கோட்டைக்கு வெளியே மாசக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் நின்னேன். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. எங்க கூடாரத்துல பாட்டே கிடையாது. அதான் எனக்கு உங்க மேல கோபம்." சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஐந்து காரணங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு, அடிக்கோடும் போட்டுவைத்திருந்தவள் நான். அந்தப் பையன் ஆறாவது காரணத்தைச் சொல்லிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே வேதவல்லி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் வேதவல்லியைச் சொன்னதாகாது. துரைராஜ் நாச்சாரத்தில் என்ஜினீயர். முதல் ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரில் என்னை அழைத்துப்போக வருவார். சீக்கிரம் வந்துவிட்டால் வேதவல்லி வகுப்பு ஜன்னலோரம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்று கேட்பார். ஜூன், ஜூலை முழுக்க வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுதான்.

"இன்னிக்கு அந்தம்மா காகதீய ராணி ருத்ரமாவைக் குதிரையில ஏத்திட்டாங்க, தெரியுமா?"

"தெரியும். ஜனவரியில் நான்தான் இறக்கப்போகிறேன். ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள்."

"நீ ஒரு தடவை போய்க் கேளேன், பாமா. என்னமா சொல்றாங்க!"

எந்த மனைவிக்கு இது பொறுக்கும்? நானும் வரலாறுதான் நடத்துகிறேன். என் வகுப்புக்கும் ஜன்னல் உண்டு. ஜனவரி வந்தால் இந்த மனிதர் அந்த மரத்தடிக்கு வரவே மாட்டார். வாசலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், இரானி ஓட்டலில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணி அடித்தபின்தான் வருவார். கேட்டால், "டீ நல்லா இருந்துச்சு" என்பார். எத்தனையோ ஜனவரிகள்! ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட என் குரலைக் கேட்க அவர் வரவில்லை. நான் வாய் திறந்து கேட்கவும் இல்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

என் கணவர் இறந்த அன்று வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வேதவல்லி டீச்சர் எல்லோருக்கும் பின்னால், வழக்கம்போல் தாமதமாக வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"விதிப்படி சொல்லலாமா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்தது. "சொல்லுங்கள்" என்றேன்.

"என் கிளாஸைக் கேக்க மட்டும் வர்றீங்களே, உங்க வீட்டம்மா கிளாஸைக் கேக்க மாட்டேங்கறீங்களேன்னு ஒரு நாள் அவர்கிட்ட கேட்டேன். 'ஒரு தடவை கேட்டேன்மா. விஜயநகரத்தை அவ முடிச்சா. அப்புறம் வீட்டுக்கு வண்டி ஓட்ட முடியலே, கண்ணு மறைச்சுது. பாமாவுக்குத் தூசின்னு சொல்லிட்டேன். பின்னாடி உக்காந்திருக்கறவளைக் கீழே போட்டுட்டா என்ன பண்றது?' அப்படின்னார். என் ஜன்னல்ல நின்னு அவர் தலையை ஆட்டிட்டுப் போனார், டீச்சர். என் பாடத்துக்கு யாரும் அழுததில்லே. அன்னிலேர்ந்து எனக்கு உங்க மேல பொறாமை."

நான் நெகிழ்ந்துபோனேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. என்னிடம் சொல்லாததை அவர் இவரிடம் சொல்லியிருக்கிறாரே என்று அந்த நிலையிலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அன்று வந்து போன கூட்டத்தில், எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான்.

ஓய்வுக்குப் பிறகு இந்த மன்றத்தில் ஞாயிறு வகுப்பைத் தொடங்கினார். கணினி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்கள், இல்லையென்றால் ஆங்கிலத்தில். அவர் எல்லா மொழியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறினார். நான் தமிழிலேயே சொல்லு, முழு வாக்கியமாகச் சொல்லு என்று நின்றேன். பழைய ஏற்பாடுதான் இங்கேயும். ஏற்றுவது அவர், இறக்குவது நான்.

அவர் படுத்த பிறகு சௌம்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா உங்களைத்தான் கேக்கறா. வேற யாரையும் பார்க்க மாட்டேங்கறா." போனேன். உடம்பு பாதியாகியிருந்தது. வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"பாமா டீச்சர், சுல்தான் குலி குதுப் ஷா முசி ஆத்தங்கரையில நிக்கறார். பாவம், வெயில்ல நிக்கறார். கோல்கொண்டாவுல இடம் போதலே, தண்ணி போதலே, புது ஊர் கட்டணும்னு ஆத்தைத் தாண்டி வந்துட்டார். அந்த இடத்துல ஞாயிறு கிளாஸ் மணி அடிச்சுது. மறுவாரம் நான் படுத்துட்டேன்."

"எழுந்து வந்து கட்டுங்கள்."

"நக்கோ, முடியாது. நீங்க கட்டுங்க."

"எனக்கு இடிக்கத்தான் தெரியும். கட்டுவது உங்கள் பாடம்."

"இத்தனை வருஷமா எந்தக் கல்லு முதல்ல ஆட்டம் கண்டுதுன்னு சொல்லிக் கொடுத்தீங்களே. அந்தக் கல்லை இந்தத் தடவை நேரா வையுங்க. அவ்வளவுதான்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கூட்டம் போடுவாங்க. தெய்வம்னுவாங்க. நீங்க ஏறி விதிப்படி பேசிடுங்க."

பேசிக்கொண்டிருக்கிறேன், வேதவல்லி டீச்சர். உங்கள் கைதட்டலுக்குப் பொறாமைப்பட்டேன். உங்கள் கவிழ்ந்த மேசைக்குப் பொறாமைப்பட்டேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் வந்து உட்கார்ந்ததற்குப் பொறாமைப்பட்டேன். மாணவர்கள் உங்களைப் பார்த்தால் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். என்னைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன். இன்று இந்தக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் வாசல்வரை ஆட்கள் நிற்கிறார்கள். இதற்கும்தான்.

இனி, தலைவர் சம்பந்தம் அவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தின் தொடக்கத்தில் நீங்கள் இரண்டு அறிவிப்புகள் செய்தீர்கள். இந்தக் கூடத்துக்கு வேதவல்லி அவர்களின் பெயரும் பெரிய படமும் வைக்கப்படும். அவருக்கு மரியாதையாக ஞாயிறு வரலாற்று வகுப்பு இத்தோடு நிறுத்தப்படும், ஏனென்றால் அவர் இடத்தை நிரப்ப ஆளில்லை. கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

ஐயா, வாழ்நாள் முழுக்க வீழ்ச்சியைப் பாடமாக நடத்தியவள் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு பேரரசு எப்போது முடிகிறது? ராஜா சாகும்போதா? இல்லை. ராஜாக்கள் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அடுத்து உட்கார வேண்டியவர்கள், "அவர் இடத்தில் நாமா" என்று பணிவோடு ஒதுங்கிக்கொண்டு, கல்லறைக்கு மட்டும் நல்ல கல்லாகப் பார்த்து வாங்கும்போது முடிகிறது. கரும்பலகையில் நான் எழுதும் முதல் காரணம் அதுதான். வெளியிலிருந்து எந்தப் படையும் வரவில்லை, ஐயா. கதவை நீங்களே திறக்கிறீர்கள்.

படம் மாட்டுங்கள். நல்ல படமாக மாட்டுங்கள். அந்தப் பச்சைப் பட்டுப்புடவை வேண்டாம், அது அவருக்குப் பொருந்தியதே இல்லை. ஆனால் வகுப்பு நிற்காது.

பிள்ளைகளே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசலில் என்னைப் பார்த்ததும் ஹம்சா அவள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "பாமா டீச்சர் வந்தா ஊர் கட்டறதுக்கு முன்னாடியே இடிஞ்சுடுமா?" நியாயமான கேள்வி. முழு வாக்கியமாகத் தமிழில் கேட்டிருக்கிறாள், அதற்கு என் பாராட்டு. பதில் எனக்குத் தெரியாது, ஹம்சா. நான் இதுவரை எதையும் கட்டியதில்லை. மேசையைக் கவிழ்க்க என் முதுகு இடம் கொடுக்காது. நீங்கள் அவரோடு என்னை ஒப்பிடுவீர்கள். ஒப்பிட்டு என்னைக் குறைவாக மதிப்பீர்கள். அது எனக்குப் புதிதில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். விதி விதிதானே? என் நாள் வரும்போது இந்த மேடையில் எழுந்து பேச எனக்கு எதிரி வேண்டுமே! இருந்த ஒருவரையும் நேற்று முன்தினம் திருமல்கிரி மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். இனி என்னை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க யார் இருக்கிறார்கள்? உங்களில் ஒருவருக்காவது என்மேல் பொறாமை வரும்படி நான் நடத்தியாக வேண்டும். நேரம் குறைவாக இருக்கிறது. அதனால் உடனே தொடங்குகிறேன்.

வேதவல்லி டீச்சர், உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஹைதராபாத் என்று ஓர் ஊர் இன்னும் உலகத்தில் இல்லை. ஆறு இருக்கிறது. கரையில் ஒரு சுல்தான் நிற்கிறார். அவரை இனியும் வெயிலில் நிற்கவைப்பது மரியாதையில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, இதே கூடத்தில், ஊர் கட்டப்படும். முதல் கல்லை நேராக வைப்பேன். கை தட்டலாம், அனுமதி உண்டு. தாமதமாக வருபவர்களை வேதவல்லி டீச்சர் உள்ளே விடுவார்.

நான் விட மாட்டேன்.